ஸ்கேன் படத்தில் தெரிவது புழுவின் வயது

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு திடீரென்று வலது கை இழுக்க ஆரம்பித்து, அப்படியே நினைவு தப்பி விழுந்துவிட்டான். சி.டி. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் 9 மி.மீ. அளவில் வளையம் போல ஒன்று, சுற்றிலும் வீக்கம் என்று வந்தது. 'நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் ஆக இருக்கலாம், டியூபர்குலோமாவையும் விலக்க முடியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். இப்போதைக்கு வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறான். எங்கள் வீட்டில் யாரும் அசைவமே தொடுவதில்லை. பன்றி இறைச்சியில் வரும் புழு இவனுக்கு எப்படி வரும்? மலப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே, அப்படியானால் ஸ்கேன் தப்பா? எதற்கு இன்னொரு ஸ்கேன்? பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதாதா என்கிறார் அம்மா. வீட்டில் எல்லோரும் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டுமா? என் மாமியாருக்கு முன்பு கல்லீரலில் ஹைடாடிட் கட்டி இருந்தது. அதுவும் நாடாப்புழுதான் என்றார்கள். இரண்டும் ஒன்றா? கடைசியாக ஒன்று: பைக் எடுக்கலாமா என்று தம்பி தினமும் கேட்கிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜிஸ்ட். உங்கள் தம்பிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குப் படங்கள் எப்படி உதவுகின்றன என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான்.

'மூளையில் புழு' என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே காட்சிதான் ஓடுகிறது. ஏதோ ஒன்று உள்ளே நெளிந்து நெளிந்து மூளையைத் துளைத்துக்கொண்டு போவது போல. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்பது பன்றி நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம், ஒரு நீர்ப்பையாக மூளையில் தங்கிவிடுவது. அது ஓரிடத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். மீட்டர் கணக்கில் நீளும் நாடாப்புழுவாக அது மூளைக்குள் வளரவே வளராது. அந்த வளர்ச்சி குடலில் மட்டுமே நடக்கும்.

அசைவம் தொடாத வீட்டில் எப்படி என்றால், இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள நீர்ப்பையை ஒருவர் சாப்பிட்டால், அது அவர் குடலில் முழு நாடாப்புழுவாக வளரும். அவருக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் புழுவின் முற்றிய துண்டு ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 முட்டைகள் இருக்கும். அவை மலத்தோடு வெளியேறும். அவர் கையைச் சரியாகக் கழுவாமல் தொட்ட உணவு வழியாகவோ, மலம் கலந்த தண்ணீர் வழியாகவோ அந்த முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால், மூளைக்குப் போகிற நோய் அந்த இரண்டாவது ஆளுக்கு வரும். ஆக, இறைச்சி சாப்பிட்டவருக்குக் குடலில் புழு. முட்டையை விழுங்கியவருக்கு மூளையில் நீர்ப்பை. உங்கள் தம்பி விழுங்கியது முட்டையைத்தான். அதற்கு இறைச்சி எதுவும் தேவையில்லை.

மருத்துவ உலகத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஆசாரமான யூதர்கள் நான்கு பேருக்கு இதே நோய் வந்த செய்தி 1992இல் வெளியானது. பன்றி இறைச்சி அவர்களுக்கு மதமே தடை செய்தது. விசாரித்துப் பார்த்ததில், நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து அண்மையில் வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாகத்தான் முட்டை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்துபோன யார் மீதாவது சந்தேகப்படாதீர்கள். முட்டை உடலுக்குள் போவதற்கும் வலிப்பு வருவதற்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடிவிடும். எங்கே, எப்போது, யாரிடமிருந்து என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஆகாத காரியம்.

மலப் பரிசோதனையில் ஒன்றும் வராததற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. அந்தப் பரிசோதனை தேடுவது குடலில் உள்ள புழுவின் முட்டையை. உங்கள் தம்பியின் குடலில் புழு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூளையில் நீர்ப்பை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குடலில் புழு இருப்பதில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி ஆள் இல்லை என்றால், அடுத்த தெருவில் உள்ள வீட்டிலும் ஆள் இல்லை என்று சொல்ல முடியுமா? ஸ்கேனும் தப்பில்லை, மலப் பரிசோதனையும் தப்பில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையையும் யாராவது சொல்லலாம். மூளையில் பல நீர்ப்பைகள் இருந்தால் அந்தச் சோதனையின் நல்ல வகை நன்றாகவே பிடித்துவிடும். உங்கள் தம்பி போல ஒன்றே ஒன்று என்றால் கைவிட்டுவிடவும் கூடும். அதனால் அது 'இல்லை' என்று வந்தாலும் ஸ்கேன் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது.

இப்போது படத்துக்கு வருவோம். ஸ்கேன் என்றால் 'புழு இருக்கிறதா, இல்லையா' என்று சொல்லும் கருவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பாதிதான். அந்தப் புழு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் முக்கியமாகத் தேடுகிறோம். உயிரோடு இருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா, செத்துச் சுண்ணாம்பாகிவிட்டதா? வைத்தியம் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு.

உயிரோடு இருக்கும் நீர்ப்பையின் படம், சொன்னால் கோபப்படாதீர்கள், பார்க்க அழகாகவே இருக்கும். மெல்லிய சுவர் கொண்ட உருண்டையான குமிழி. உள்ளே தெளிந்த நீர். மூளையைச் சுற்றி ஓடும் நீர் படத்தில் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதே நிறம். குமிழியின் உட்சுவரில் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. மற்ற எந்த நோயிலும் இப்படி ஒரு படம் வருவது மிக மிக அபூர்வம் என்பதால், அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் ஆதாரமே வேண்டாம். சுற்றியுள்ள மூளையில் வீக்கம் இருக்காது, இருந்தாலும் சொற்பம்தான். நம் உடலின் எதிர்ப்புச் சக்தியை அந்தப் புழு ஏமாற்றி வைத்திருக்கும். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார்.

புழு பலவீனமாகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்கும் நீர் கலங்கும், சுவர் தடிக்கும். இதுவரை ஏமாந்திருந்த உடல் விழித்துக்கொண்டு அதைத் தாக்கும். சுற்றிலும் மூளை வீங்கும். படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசி வழியாக ஏற்றி எடுத்தால் சுவர் வளையமாக ஒளிரும். உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் உள்ள 'வளையம்', 'வீக்கம்' என்ற இரண்டு வார்த்தைகளும் இந்தக் கட்டத்தைத்தான் சொல்கின்றன. வலிப்பு வந்ததற்குப் புழுவின் சாவும் அதற்கு உடல் காட்டும் எதிர்ப்பும்தான் காரணம். அது உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. கேட்க விசித்திரமாக இருந்தாலும், அவரது உடல் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது என்றுதான் இந்தப் படத்தை நான் படிக்கிறேன்.

அதற்கு அடுத்து, பை சுருங்கி ஒரு சிறு முடிச்சாகும், வீக்கம் குறையும். சிலருக்குத் தடமே இல்லாமல் மறைந்துவிடும். சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். அந்தப் புள்ளியில் உயிர் கிடையாது. ஆனாலும் அதைச் சுற்றி அவ்வப்போது வீக்கம் வந்து வலிப்பு திரும்பலாம். செத்த புழுவை மறுபடி கொல்ல முடியாதே, அதனால் அப்போது புழு மருந்துக்கு வேலையில்லை. வலிப்பு மருந்துதான்.

சரி, இதெல்லாம் சி.டி.யிலேயே தெரிந்துவிட்டதே, எதற்கு எம்.ஆர்.ஐ. என்கிறீர்கள். இரண்டுக்கும் கண் வேறு. சுண்ணாம்புப் புள்ளியைக் காண சி.டி.யை மிஞ்ச ஆளில்லை. அரிசியில் பாதி அளவு இருந்தால்கூடப் பளிச்சென்று காட்டும். சாதாரண எம்.ஆர்.ஐ. படங்களில் அதே புள்ளி நழுவிப்போகும். ஆனால் குமிழிக்குள் இருக்கும் புழுத்தலை, லேசான வீக்கம், மூளையின் பின்பகுதியிலும் தண்டிலும் ஒளிந்திருக்கும் சின்னக் கட்டிகள், இவை எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரியும். அதனால்தான் 2018இல் வெளிவந்த அமெரிக்கத் தொற்றுநோய், வெப்பமண்டல மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல் இந்த நோய்க்கு இரண்டையும் எடுக்கச் சொல்கிறது. ஒன்று என்று நினைத்த இடத்தில் நான்கு இருந்தால் வைத்தியம் மாறும். ஒன்றிரண்டு என்றால் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து மட்டும் போதும். அதற்கு மேல் உயிருள்ள கட்டிகள் இருந்தால் பிராசிகுவாண்டெல் என்ற இன்னொரு புழு மருந்தையும் சேர்ப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை என் சொந்தத் தவற்றோடுதான் சொல்ல வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒருவரின் சி.டி. என் மேசைக்கு வந்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் தலை சுற்றி, வாந்தி வருகிறது என்றார். மூளைக்குள் நீர் தேங்கும் அறைகள் பெருத்திருந்தன. கட்டி எதுவும் தெரியவில்லை. 'நீர் தேக்கம், காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் என் ஆசிரியர் மெல்லிய அடுக்குகளாக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நான்காவது அறையில், நீருக்குள் நீராக, ஒரு குமிழி உட்கார்ந்திருந்தது. உள்ளே இருப்பதும் நீர், வெளியே இருப்பதும் நீர். சி.டி.க்கு இரண்டும் ஒரே நிறம். அந்த மெல்லிய சுவரைக் காட்டும் சிறப்பு எம்.ஆர்.ஐ. படம் இல்லாமல் அதைப் பிடித்திருக்க வழியில்லை. தலையை அசைத்தபோதெல்லாம் அந்தக் குமிழி நீரோட்டத்தை அடைத்திருக்கிறது. அவருக்கு மாத்திரையால் ஆகவில்லை, எண்டோஸ்கோப் வைத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து பெருத்த அறைகளைப் பார்த்தால் நான்காவது அறையை இரண்டு முறை பார்க்காமல் விடுவதில்லை. உங்கள் தம்பிக்கு அப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதி செய்துகொள்வதும் எம்.ஆர்.ஐ.யின் வேலை என்கிறேன்.

அடுத்து, அந்த 'விலக்க முடியவில்லை'. எங்கள் தொழிலில் இது ஒரு கேடயம், ஒத்துக்கொள்கிறேன். படிக்கிறவர் வயிற்றில் புளியைக் கரைக்கும் வாக்கியம். ஆனால் உங்கள் விஷயத்தில் அது வெறும் தற்காப்பு இல்லை. காசநோய்க் கிருமி மூளையில் உண்டாக்கும் முடிச்சுதான் டியூபர்குலோமா. அதுவும் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் வளையமாகத்தான் ஒளிரும். இரண்டு நோயும் பரவலாக உள்ள இடங்களில் இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. ஒரு காலத்தில் வலிப்போடு வந்தவர்களிடம் இப்படி ஒற்றை வளையம் தெரிந்தாலே காசநோய் மருந்து மாதக் கணக்கில் கொடுத்தார்கள், இல்லையென்றால் மண்டையைத் திறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவை மருத்துவர் ராஜசேகரும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். திசுவை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் மிச்சம்தான் என்று தெரிந்தது. அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் எங்கள் கையில் இருக்கிறது. கட்டி ஒன்றே ஒன்றா, 20 மி.மீ.க்குள் இருக்கிறதா, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளிவிடும் அளவுக்கு வீக்கம் இல்லையா என்று படத்தில் பார்ப்போம். தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறியோ, நாளுக்கு நாள் கூடிவரும் பலவீனமோ, உடலில் வேறெங்காவது காசநோயோ புற்றுநோயோ இல்லையா என்று நோயாளியிடம் பார்ப்பார்கள். எல்லாம் பொருந்தினால் அது புழுவின் கட்டியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். உங்கள் தம்பியின் 9 மி.மீ. இந்தக் கணக்கில் நல்ல பக்கம்தான் நிற்கிறது.

டியூபர்குலோமா பொதுவாகப் பெரிதாக, ஒழுங்கற்ற வடிவில், இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அதன் நடுப்பகுதி சில வகைப் படங்களில் கறுத்துத் தெரியும். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்று ஒரு முறை உண்டு. கட்டிக்குள் என்ன ரசாயனம் இருக்கிறது என்று அதே மெஷினில் அளப்பது. அதில் கொழுப்புக்கான முகடு மட்டும் உயர்ந்து தெரிந்தால் காசநோய் பக்கம் சாய்வோம். கட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் இந்த அளவீடு நம்பும்படி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் பார்த்தும் முடிவு வராவிட்டால் சில வாரம் கழித்து இன்னொரு படம். சுருங்கிக்கொண்டே போனால் புழு. மருந்தில்லாமலே வளர்ந்துகொண்டு போனால் மறுபடி யோசிக்க வேண்டும். இதில் காத்திருப்பதே ஒரு பரிசோதனை.

இனி அம்மாவின் பூச்சி மாத்திரை. தயவுசெய்து வேண்டாம். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் மாத்திரையும் மூளைப் புழுவுக்குக் கொடுக்கும் மருந்தும் ஒரே அல்பெண்டசோல்தான். அதனால்தான் ஆபத்து. அது மூளைக்குள் போகும், கட்டியைக் கொல்லும். ஒரே சமயத்தில் கட்டிகள் சாகும்போது சுற்றியுள்ள மூளை குபீரென்று வீங்கும். அந்த வீக்கத்தை அடக்க மருத்துவர்கள் முன்கூட்டியே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டுத்தான் புழு மருந்தை ஆரம்பிப்பார்கள். சிலருக்கு மூளை முழுக்க நூற்றுக்கணக்கில் கட்டிகள் இருந்து, ஏற்கெனவே வீங்கியிருக்கும். அவர்களுக்குப் புழு மருந்தே கொடுக்கக் கூடாது, வீக்கத்தை மட்டும்தான் குறைப்பார்கள். கண்ணுக்குள் ஒரு கட்டி இருந்து அது மருந்தால் செத்தால் பார்வையே போகலாம். அதனால் மருந்துக்கு முன் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தம்பிக்கு அது நடந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே நினைவுபடுத்துங்கள். இதில் கூச்சமே வேண்டாம். உங்கள் மருத்துவர் வலிப்பு மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருப்பது சோம்பலால் இல்லை, இந்த வரிசையை அவர் மதிக்கிறார். புழு மருந்து தேவைப்பட்டால் அது பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரைக்கும்தான். மூன்று வாரம் தாமதித்ததால் எதுவும் கைமீறிப் போய்விடாது.

வீட்டில் எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம். வலிப்போ, விடாத தலைவலியோ இல்லாத ஒருவரின் தலையைப் படம் எடுத்து, என்றோ செத்த ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தால், அதை வைத்துக்கொண்டு அவர் வாழ்நாள் முழுக்கப் பயப்படுவதைத் தவிர வேறு பயன் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது மலப் பரிசோதனைதான். அவர்களில் யாருடைய குடலிலாவது புழு இருந்தால் எளிதாகத் தீர்த்துவிடலாம், மற்றவர்களுக்குப் பரவாது. முட்டை தினமும் வெளியேறாது என்பதால் ஒரே நாளோடு நிறுத்தாமல் மூன்று தனித்தனி நாட்களில் கொடுப்பது நல்லது. மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, நாடாத் துண்டு போல எதையாவது யாராவது பார்த்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். குடலில் உள்ள புழுவைத் தேட ஸ்கேன் எடுக்கச் சொல்லி என்னிடமே சிலர் வருவார்கள். அதற்கு நாங்கள் லாயக்கில்லை. வேறு காரணத்துக்காக பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் குடலுக்குள் நீளமாக ஒரு கோடு தெரிந்து, நாடாப்புழு தற்செயலாக மாட்டியதுண்டு. அவ்வளவுதான்.

எக்ஸ்ரே என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் சி.டி. ஸ்கேன் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971இல். அதற்கு முன்பு இந்த நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தொடையை எக்ஸ்ரே எடுத்து! இதே நீர்ப்பைகள் தசையிலும் தங்கும். செத்துச் சுண்ணாம்பானதும், தசைநார் ஓடும் திசையிலேயே வரிசையாக, அரிசி மணிகள் சிதறியது போல வெள்ளையாகத் தெரியும். இந்தியாவில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்தது. டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்ற இரு மருத்துவர்கள் அப்படிப்பட்ட 450 நோயாளிகளைத் தொகுத்து 1961இல் அறிக்கை வெளியிட்டார்கள். மூளைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாததால் தொடையைப் பார்த்து மூளையை ஊகித்தார்கள். உங்கள் தம்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மாமியாருக்கு வந்தது வேறு புழு. குடும்பப் பெயர் நாடாப்புழுதான், ஆள் வேறு. ஹைடாடிட் கட்டியை உண்டாக்குவது நாய்களின் குடலில் வாழும், சில மி.மீ. மட்டுமே நீளமுள்ள ஒரு குட்டி நாடாப்புழு. அதன் முட்டை மனிதருக்குள் போனால் பெரும்பாலும் கல்லீரலில், அடுத்ததாக நுரையீரலில் நீர்க்கட்டியாக வளரும். மூளைக்குப் போவது அபூர்வம். உங்கள் தம்பிக்கு வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆனால் படம் பார்க்கும் விதத்தில் இரண்டும் அக்கா தங்கைதான். அங்கேயும் கேள்வி, கட்டி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதே. கல்லீரல் கட்டிக்கு அல்ட்ராசவுண்டே ராஜா. துனிசியாவைச் சேர்ந்த மருத்துவர் கர்பி 1981இல் அல்ட்ராசவுண்டில் தெரியும் தோற்றத்தை வைத்து இந்தக் கட்டிகளை முதலில் வகைப்படுத்தினார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2003இல் அதை விரிவாக்கி ஒரு பட்டியல் தந்தது. இரட்டைக் கோட்டுச் சுவரோடு தெளிந்த நீர் இருந்தால் உயிருள்ளது. உள்ளே தேன்கூடு போலக் குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தால் அதுவும் உயிருள்ளதுதான். உட்சுவர் பிய்ந்து நீரில் மிதந்தால் மாறிக்கொண்டிருக்கிறது. கெட்டியாகி, சுவரில் சுண்ணாம்பு ஏறிவிட்டால் ஓய்ந்துவிட்டது, தொந்தரவு இல்லாவிட்டால் சும்மா கண்காணித்தால் போதும். என்னவென்று தெரியாமல் ஊசி குத்தினால் உள்ளே இருக்கும் நீர் சிந்தி உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், வயிறு முழுக்கப் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். தெரிந்தே, மருந்துப் பாதுகாப்போடு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக வைத்தியம் செய்யும் முறையும் இருக்கிறது. மாமியாரின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். எந்தக் கட்டம் என்று அதில் எழுதியிருந்தால், அடுத்த முறை பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கதிர்வீச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது பயமுறுத்துவார்கள். ஒரு தலை சி.டி.யில் வரும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டொன்றுக்கு நாம் எல்லோரும் சராசரியாக 2.4 வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. சத்தம்தான் பெரிது. அரை மணி நேரம் வரை அசையாமல் படுக்க வேண்டும். உடலுக்குள் உலோகம், பேஸ்மேக்கர் எதுவும் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கு முன் சிறுநீரகக் கோளாறு உண்டா, முன்பு ஊசி மருந்தில் ஒவ்வாமை வந்ததா என்று கேட்பார்கள். வலிப்பு மாத்திரையை ஸ்கேன் அன்றைக்கும் நிறுத்தக் கூடாது. படம் எடுக்கும்போது வலிப்பு வந்தால் படமும் கெடும், ஆளும் கஷ்டப்படுவார்.

போகும்போது பழைய சி.டி. ஸ்கேனைக் கொண்டுபோங்கள் என்றால், எல்லோரும் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்து வருகிறார்கள். எனக்குத் தேவை படங்கள். சி.டி. ஸ்கேனின் சி.டி. (படங்கள் பதிந்த வட்டு) என்று கேட்டு வாங்குங்கள் (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும் கொடுமையை என்ன சொல்ல). பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மூன்று வாரத்தில் அந்த வளையம் சுருங்கியிருக்கிறதா, வீக்கம் குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். ஒற்றைக் கட்டி பலருக்குச் சில மாதங்களில் மறைந்துவிடும். வைத்தியத்துக்குப் பிறகு சுமார் ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு படம் கேட்பார்கள். முடிந்தால் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். வலிப்பு மாத்திரையை எப்போது குறைக்கலாம் என்ற பேச்சு அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தொடங்கும். கட்டி தடமில்லாமல் மறைந்தவருக்கும், சுண்ணாம்புப் புள்ளி மிச்சம் நின்றவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

பைக் விஷயம். கூடாது. வலிப்பு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வளையம் இன்னும் அங்கேயே இருக்கிறது. தனியாக நீச்சல், உயரத்தில் ஏறி வேலை, இவையும் இப்போதைக்கு வேண்டாம். நரம்பியல் மருத்துவர் நாள் குறித்துச் சொல்லும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். தம்பி கோபித்துக்கொண்டால், ஸ்கேன் டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.